எண்ணெய் யார்கிட்ட, ஆலை யார்கிட்ட?

இன்னைக்கு எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும்.

முன்னாடி ஒரு எபிசோட்ல பெட்ரோல் விலை பத்திப் பேசினப்ப, போற போக்குல ஒரு வரி சொல்லிட்டேன்: "மண்ணுக்கு அடியில எண்ணெய் இருக்கிற நாட்டுக்காரங்களுக்கு பெட்ரோல் கவலையே கிடையாது." அடுத்த நாளே ஒரு மெயில். நைஜீரியாவுல, லாகோஸ் நகரத்துல சில வருஷம் வேலை பார்த்துட்டு ஊர் திரும்பின ஒரு அண்ணன் எழுதியிருந்தார். "தம்பி, நீங்க சொன்னது தப்பு. ஆப்பிரிக்காவுல அதிகமா கச்சா எண்ணெய் எடுக்கிற நாடுகள்ல ஒண்ணு அது. அங்கதான் நான் பெட்ரோல் பங்க் வரிசையில அரை நாள் நின்னிருக்கேன். ஏன்னு தேடிப் பாருங்க."

தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அதுமட்டுமில்ல, நான் கேக்க வேண்டிய கேள்வியையே கேக்காம விட்டிருக்கேன்னும் புரிஞ்சது. எண்ணெய் எந்த நாட்டுல இருக்குன்னு எல்லாரும் பேசுறோம். அதை பெட்ரோலா, டீசலா மாத்துற ஆலை எந்த நாட்டுல இருக்கு? இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறோம்.

நெல்லும் மில்லும்

முதல்ல அடிப்படை. கச்சா எண்ணெயை அப்படியே வண்டியில ஊத்த முடியாது. சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டு போய், சுமார் 350 டிகிரி வரைக்கும் சூடாக்கி, ஒரு உயரமான கோபுரத்துக்குள்ள விடுவாங்க. லேசான பொருள் மேல ஏறும், கனமானது கீழ தங்கும். உச்சியில சிலிண்டருக்குப் போற எல்பிஜி, அதுக்குக் கீழ பெட்ரோல் தயாரிக்க உதவுற நாப்தா, நடுவுல மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அப்புறம் டீசல். அடியில தார் மாதிரி கெட்டியான கசடு.

இதை நம்ம ஊர் கணக்குல சொன்னா நெல்லும் ரைஸ் மில்லும் மாதிரி. வயல் நிறைய நெல் விளைஞ்சிருக்கலாம். ஊர்ல மில் இல்லன்னா, மூட்டை மூட்டையா நெல்லை வித்துட்டு, அதே நெல்லை அரிசியா கூடுதல் விலை கொடுத்து வாங்கித்தான் சோறு பொங்கணும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. எல்லா மில்லும் ஒரே மாதிரி கிடையாது. பழைய, எளிமையான ஆலைன்னா கோபுரத்துல பிரிக்கிறதோட வேலை முடிஞ்சது. அடியில தங்குற கசடை சல்லிசா வித்துட வேண்டியதுதான். நவீன ஆலைகள் அந்தக் கசடையும் உடைச்சு, மறுபடி பெட்ரோலும் டீசலுமா மாத்திடும். ஒரு ஆலை எவ்வளவு சிக்கலான வேலை பண்ணும்னு அளக்க நெல்சன் குறியீடுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. வெறும் கோபுரம் மட்டும் இருந்தா மதிப்பெண் 1. குஜராத் ஜாம்நகர்ல இருக்கிற ரிலையன்ஸ் ஆலையோட மதிப்பெண் சுமார் 21. அந்த மாதிரி ஆலைக்கு மலிவான, கனமான, கந்தகம் அதிகமா இருக்கிற கச்சா எண்ணெயை வாங்கிப் போட்டாலும் உயர்ந்த சரக்கு வெளிய வரும். லாபம் அங்கதான்.

ஒவ்வொரு ஆலையும் ஒரு குறிப்பிட்ட வகை எண்ணெயை மனசுல வச்சுத்தான் கட்டப்படுது. அமெரிக்காவையே எடுத்துக்கோங்க. உலகத்துலயே அதிகமா கச்சா எண்ணெய் எடுக்கிற நாடு. ஆனா மெக்சிகோ வளைகுடா கரையோரம் இருக்கிற அவங்க ஆலைகள் பலதும், வெனிசுலா, மெக்சிகோ, கனடா பக்கமிருந்து வர்ற கனமான எண்ணெயை அரைக்கத் தயார்பண்ணப்பட்டது. அப்புறம்தான் சொந்த மண்ணுல ஷேல் பாறையிலிருந்து லேசான எண்ணெய் கொட்ட ஆரம்பிச்சது. அதனால அவங்க லேசான எண்ணெயை ஏற்றுமதி பண்ணிக்கிட்டே, கனடாவிலிருந்து கனமான எண்ணெயை இறக்குமதியும் பண்றாங்க. நெல்லு ஒரு ரகம், மில்லு வேற ரகம்.

யார்கிட்ட எவ்வளவு?

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு பேரல்னா 159 லிட்டர். உலகத்துல இருக்கிற எல்லா ஆலைகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு 10 கோடி பேரலுக்கு மேல சுத்திகரிக்க முடியும்.

இதுல முதல் இரண்டு இடம் சீனாவும் அமெரிக்காவும். ரெண்டு பேர்கிட்டயும் தலா 1.8 கோடி பேரலுக்குச் சற்று மேல. பல பத்தாண்டுகளா அமெரிக்காதான் முதலிடம். சமீப வருஷங்கள்ல சீனா எட்டிப் பிடிச்சிடுச்சு. அமெரிக்காவுல பெரிய அளவுல புதுசா கட்டின ஆலைகள்ல கடைசியா வந்தது லூசியானா மாநிலத்து கேரிவில் ஆலை. அது ஓட ஆரம்பிச்சது 1977. அதுக்கப்புறம் இருக்கிற ஆலைகளைப் பெருசாக்கித்தான் வண்டி ஓடுது. சீனாவுலயோ இந்த நூற்றாண்டுலதான் பெரும்பகுதி வளர்ச்சி.

மூணாவது ரஷ்யா, 65 முதல் 70 லட்சம் பேரலுக்குள்ள. நாலாவது யாரு? நாமதான். இந்தியாகிட்ட 50 லட்சம் பேரலுக்கு மேல. இந்த நாலு நாடு சேர்ந்தாலே உலகத் திறன்ல கிட்டத்தட்ட பாதி.

அடுத்து 30 லட்சம் பேரலுக்கு மேல வச்சிருக்கிற மூணு நாடு: சவுதி அரேபியா, தென்கொரியா, ஜப்பான். இதுல சவுதி புரியுது. கொரியாவும் ஜப்பானும்? ரெண்டு பேர் மண்ணுலயும் சொல்லிக்கிற மாதிரி எண்ணெய் கிடையாது. தென்கொரியாவுல உல்சான்ங்கிற ஒரே இடத்துல இருக்கிற ஒரு ஆலை மட்டும் நாளைக்கு 8.4 லட்சம் பேரல் சுத்திகரிக்கும். சிங்கப்பூரைப் பாருங்க. சொட்டு எண்ணெய் இல்லாத தீவு. 1961-ல புக்கோம் தீவுல ஷெல் நிறுவனம் முதல் ஆலையைத் திறந்தது. இன்னைக்கு அந்த நாட்டோட திறன் 10 லட்சம் பேரலுக்கு மேல.

எனக்கு உறைச்ச ஒப்பீடு இதுதான். தென்கொரியாவோட மக்கள்தொகை சுமார் 5 கோடி. அந்த ஒரு நாட்டோட சுத்திகரிப்புத் திறன், சில வருஷம் முன்னாடி வரைக்கும் ஆப்பிரிக்கா கண்டம் முழுசோட திறனுக்கு ஏறக்குறைய சமம். ஆப்பிரிக்காவுல 140 கோடிக்கும் மேல பேர். அதுலயும் காகிதத்துல இருக்கிற திறன் வேற, நிஜமா ஓடுற திறன் வேற.

ஆலைகள் ஏன் கிணத்துப் பக்கத்துல இல்ல?

இதுக்கு ஒரு காரணம் கப்பல். கச்சா எண்ணெய் ஒரே சரக்கு. ஒரு பெரிய டேங்கர்ல 20 லட்சம் பேரலை ஒரே தடவையில ஏத்தலாம். பெட்ரோல், டீசல், விமான எரிபொருள்னு பிரிச்சா தனித்தனி தொட்டி, சின்னக் கப்பல், கூடுதல் செலவு. அதனால வாங்குறவங்க வீட்டுப் பக்கத்துலயே ஆலை வைக்கிறது சௌகரியம்.

இன்னொரு காரணம் பயம். இதுக்கு 1951-க்குப் போகணும். ஈரானோட அபாடான் ஆலை 1912-லிருந்து ஓடிக்கிட்டிருந்தது. அன்னைக்கு உலகத்துலயே பெருசு அதுதான். பிரிட்டிஷ் கம்பெனி வசம் இருந்தது. 1951-ல ஈரான் தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கிடுச்சு. எண்ணெய்க் கம்பெனிகளுக்கு அது பெரிய பாடம். கிணத்தை நகர்த்த முடியாது, ஆலையையாவது நமக்குப் பாதுகாப்பான இடத்துல வைப்போம்னு முடிவெடுத்தாங்க. அபாடானை இழந்த அதே கம்பெனி, இன்னைக்கு நாம பிபின்னு சொல்றோமே அவங்கதான், 1954-ல ஏடன்லயும் 1955-ல ஆஸ்திரேலியாவோட க்வினானாவுலயும் ஆலை திறந்தாங்க. பம்பாய் ட்ராம்பேயில 1954, 55-ல ரெண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆலை திறந்ததும் இதே காலகட்டம்தான். க்வினானாங்கிற பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

ஆக, ஒரு நாட்டுல ஆலை இருக்கா இல்லையாங்கிறது இயற்கை கொடுத்த வரம் கிடையாது. யாரோ ஒருத்தர், முப்பது நாப்பது வருஷம் முன்னாடி, பணம் போட்டு எடுத்த முடிவு. அந்த முடிவோட பலனை அனுபவிக்கிறது அடுத்த தலைமுறை.

நைஜீரியா: எண்ணெய் இருந்தும் வரிசை

இப்ப அந்த அண்ணனோட லாகோஸுக்கு வருவோம். நைஜீரியாவுல 1956-ல எண்ணெய் கண்டுபிடிச்சாங்க. அரசாங்கத்துகிட்ட நாலு ஆலை இருந்தது. போர்ட் ஹார்கோர்ட்ல ரெண்டு, வாரியில ஒண்ணு, கடுனாவுல ஒண்ணு. நாலும் சேர்ந்து 4.45 லட்சம் பேரல். பராமரிப்பு தவறிப் போச்சு. குழாய்களை உடைச்சு எண்ணெய் திருடுறது பெருகிப் போச்சு. அரசாங்கம் பெட்ரோல் விலையைக் கட்டுப்படுத்தி வச்சிருந்ததால, தனியார் யாரும் ஆலை கட்டவும் முன்வரல. நாலு ஆலையும் பெயரளவுக்குத்தான் நின்னுச்சு.

விளைவு? கச்சா எண்ணெயைக் கொடுத்துட்டு, பதிலுக்கு பெட்ரோல் வாங்குற பண்டமாற்று ஒப்பந்தம் போட வேண்டிய நிலைமை. வாங்கின பெட்ரோலை மக்களுக்கு மலிவா கொடுக்க மானியம். 2012 ஜனவரியில அந்த மானியத்தை நிறுத்தினதும், லிட்டர் 65 நைராவா இருந்தது ஒரே நாள்ல 141 நைரா. நாடு முழுக்கப் போராட்டம், அரசாங்கம் பாதி இறங்கி வந்துச்சு. 2022 பிப்ரவரியில இறக்குமதியான பெட்ரோல்ல மெத்தனால் அளவுக்கு மேல இருந்ததால, அதைத் திரும்பப் பெற வேண்டி வந்து, மறுபடி நீளமான வரிசை. அதே வருஷம் பெட்ரோல் மானியத்துக்குன்னு நாடாளுமன்றம் 4 லட்சம் கோடி நைரா ஒதுக்குச்சு. எண்ணெய் ஏற்றுமதி பண்ற நாடு, எண்ணெய் வித்த காசை பெட்ரோல் மானியமா கொட்டிக்கிட்டிருந்தது.

நடுவுல ஒரு கதை. 2007-ல அலிகோ டாங்கோட்டேங்கிற தொழிலதிபரோட கூட்டமைப்பு, அரசாங்கத்தோட ஆலைகள்ல பெரும்பங்கை வாங்குச்சு. தொழிற்சங்கங்கள் எதிர்த்தாங்க, புது அரசாங்கம் வந்ததும் அது ரத்தாச்சு. அப்புறம் அவரே சொந்தமா ஒண்ணு கட்டக் கிளம்பினார். லாகோஸ் பக்கத்துல லெக்கியில, நாளைக்கு 6.5 லட்சம் பேரல். ஒரே வரிசையில ஓடுற ஆலைகள்ல உலகத்துலயே பெருசு. செலவு சுமார் 2,000 கோடி டாலர். இந்த ஆலையைக் கட்டுறதுல திட்ட மேலாண்மை ஆலோசகரா இருந்தது நம்ம பொதுத்துறை நிறுவனமான என்ஜினியர்ஸ் இந்தியா லிமிடெட்.

2023 மே மாசம் திறப்பு விழா. 2024 ஜனவரியில டீசல், செப்டம்பர்ல பெட்ரோல் வெளிய வந்துச்சு. சரி, விலை குறைஞ்சதா? 2023 மே மாசம் புது அதிபர் பதவியேற்ற அன்னைக்கே மானியத்தை நிறுத்திட்டதா அறிவிச்சிருந்தார். பெட்ரோல் வெளிய வந்த அதே 2024 செப்டம்பர்ல விலை லிட்டர் 800 நைராவைத் தாண்டியிருந்தது. போதாக்குறைக்கு, உள்ளூர் கச்சா எண்ணெய் வேணுங்கிற அளவுக்குக் கிடைக்காம, அந்த ஆலை அமெரிக்காவிலிருந்து எண்ணெய் வாங்க வேண்டி வந்துச்சு. ஏன்னா நைஜீரியாவோட எண்ணெய்ல கணிசமான பகுதி ஏற்கெனவே கடன்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் கட்டுப்பட்டது.

அப்ப ஆலை வந்து என்ன பிரயோஜனம்னு கேக்கலாம். சரக்கு உள்நாட்டுலயே கிடைக்குது. இறக்குமதிக்குத் தேடி அலைஞ்ச டாலர்ல ஒரு பகுதி மிச்சமாகுது. ஆனா ஆலை வந்தா பெட்ரோல் மலிவாகும்னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க. ஆலை சரக்கைப் பத்திரமாக்கும். விலையை உலகச் சந்தைதான் சொல்லும்.

1969-ல பொறந்த ரெண்டு ஆலைகள்

இப்ப நமக்குப் பக்கத்துல வருவோம். 1969-ங்கிற ஒரே வருஷத்துல, வங்கக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, தெற்கே இன்னொண்ணுன்னு ரெண்டு ஆலை ஓட ஆரம்பிச்சது. ஒண்ணு சென்னைக்கு வடக்கே மணலி. இன்னொண்ணு கொழும்பு பக்கத்துல சபுகஸ்கந்த. ரெண்டுமே அரசாங்கத்தோட ஆலை. ரெண்டுமே ஈரான் எண்ணெயை நம்பிக் கட்டினது. மணலியில ஈரானோட தேசிய எண்ணெய் நிறுவனம் பங்குதாரராவே இருந்தது.

மணலி ஆரம்பத்துல வருஷத்துக்கு 25 லட்சம் டன். அதாவது நாளைக்கு சுமார் 50,000 பேரல். படிப்படியா விரிவாக்கி, புதுப் பிரிவுகளைச் சேர்த்து, இன்னைக்கு 1.05 கோடி டன். நாளைக்கு 2 லட்சம் பேரலுக்கு மேல. பல நாட்டு எண்ணெயை மாத்தி மாத்தி வாங்கி அரைக்கிற அளவுக்கு வளர்ந்தது.

சபுகஸ்கந்த இன்னைக்கும் 50,000 பேரல். இடையில ஆலையைப் பெருசாக்கணும்னு எத்தனையோ தடவை பேச்சு வந்துச்சு, நடக்கல. 2012-ல ஈரான் மேல தடை இறுகினப்ப, ஈரான் எண்ணெயையே பெரும்பாலும் நம்பியிருந்த இலங்கை திண்டாடிப் போச்சு. ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய பழைய எண்ணெய்க் கடன் 25 கோடி டாலருக்குப் பதிலா தேயிலை அனுப்புறோம்னு 2021 கடைசியில ஒப்பந்தம் போட்டாங்க. அதே 2021 நவம்பர்ல, கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாம ஆலையை மூட வேண்டி வந்துச்சு.

2022-ல என்ன நடந்ததுன்னு இலங்கையிலிருந்து கேக்குறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. நாள் கணக்குல வரிசை. ஜூன் கடைசியில அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள்னு அறிவிப்பு. அப்புறம் க்யூஆர் கோடு வச்சு வாராந்திர ஒதுக்கீடு. நடுவுல ரஷ்யாவிலிருந்து 90,000 டன் கச்சா எண்ணெய் வாங்கி ஆலையைத் திரும்ப ஓட்டினாங்க.

ஆலை பெருசா இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காதா? நேர்மையாச் சொன்னா, நடந்திருக்கும். டாலரே இல்லாதவங்களுக்கு நெல்லும் கிடைக்காது, அரிசியும் கிடைக்காது. ஆனா கையில கொஞ்சம் டாலர் இருக்கிறப்ப ஆலையோட மதிப்பு தெரியும். அந்தக் காசுக்கு பெட்ரோலாவே வாங்கினா ஆலைக்காரனோட லாபமும் அதுல போயிடும். கச்சாவா வாங்கினா அந்த லாபம் உள்ளூர்ல தங்கும். எந்த ரகத்தையும் அரைக்கிற ஆலைன்னா, மலிவா யார் கொடுத்தாலும் வாங்கலாம். இந்த வசதி ஒரு கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் இல்ல.

நாம எப்படி ஏற்றுமதி பண்றோம்?

பலர் கேக்குற கேள்வி: நமக்குத் தேவையான கச்சா எண்ணெய்ல 85 சதவீதத்துக்கு மேல இறக்குமதி பண்ற இந்தியா, எப்படி டீசல் ஏற்றுமதி பண்ணுது? பதில் இப்ப உங்களுக்கே தெரியும். நம்மகிட்ட வயல் இல்ல, மில் இருக்கு. நாட்டுல மொத்தம் 23 ஆலை, வருஷத்துக்கு சுமார் 25.8 கோடி டன். ஜாம்நகர்ல மட்டும் நாளைக்கு 12.4 லட்சம் பேரல். முதல் பகுதி 1999-ல, ரெண்டாவது பகுதி 2008 டிசம்பர்ல வந்தது. உலகத்துலயே ஒரே இடத்துல இருக்கிற பெரிய ஆலை வளாகம் அதுதான். சமீப வருஷங்கள்ல நாம ஏற்றுமதி பண்ற எரிபொருள் 6 கோடி டன்னுக்கு மேல.

ஆனா இதைக் கேட்டு ரொம்ப நெஞ்சை நிமித்த வேண்டாம். உங்க வீட்டு சிலிண்டர் இருக்கே, அந்த எல்பிஜியில சுமார் 60 சதவீதம் இறக்குமதிதான். ஆலை எவ்வளவு பெருசா இருந்தாலும், ஒரு பேரல்ல எல்பிஜி கொஞ்சம்தான் வரும்.

ஆலை நம்ம மண்ணுல இருந்தா அது முழுசா நம்ம கையிலன்னும் அர்த்தமில்ல. 2025 ஜூலையில, குஜராத் வாடினார்ல நயாரா எனர்ஜி நடத்துற ஆலை மேல ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. காரணம், அதுல ரஷ்யாவோட ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49 சதவீதப் பங்கு. சில நாள்ல மைக்ரோசாஃப்ட் அவங்களோட மெயில், டீம்ஸ் சேவையை நிறுத்திடுச்சு. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க, அப்புறம் சேவை திரும்ப வந்துச்சு. நாளைக்கு 4 லட்சம் பேரல் அரைக்கிற ஆலை. அதோட மெயிலுக்கான ஸ்விட்ச் வேற நாட்டுல. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனா, இந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

மூடுறவங்களும் சுமக்கிறவங்களும்

கடைசியா க்வினானா. அபாடான் போன பயத்துல 1955-ல கட்டின அந்த ஆலை, 2021-ல சுத்திகரிப்பை நிறுத்திடுச்சு. 2012 தொடக்கத்துல ஆஸ்திரேலியாவுல 7 ஆலை இருந்தது, இப்ப 2. அந்த ரெண்டையும் அரசாங்கம் காசு கொடுத்துத் தாங்கிப் பிடிக்குது. நியூசிலாந்து தன்னோட ஒரே ஆலையை 2022-ல மூடி, இறக்குமதிக் கிடங்கா மாத்திடுச்சு. ஸ்காட்லாந்தோட ஒரே ஆலையான கிரேஞ்ச்மவுத், 2025 ஏப்ரல்ல சுத்திகரிப்பை நிறுத்திடுச்சு. பழைய, சின்ன ஆலைகளால ஆசியாவோட ராட்சத ஆலைகளோட போட்டி போட முடியல. பெட்ரோல் தேவையும் இனி பெருசா கூடாதுன்னு கணக்குப் போடுறாங்க.

அவங்க மூடினாலும் அவங்க ஊர்ல வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அந்த எரிபொருளை இனி கொரியாவோ சிங்கப்பூரோ சீனாவோ இந்தியாவோ அரைச்சுக் கொடுக்கணும். அரைக்கிற இடத்துலதான் புகை. இதை எண்ணிக்கை அட்டவணையில பார்க்க முடியாது, எண்ணூர்ல பார்க்கலாம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தப்ப எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய்ப் படலம். மணலி ஆலை வளாகத்திலிருந்துதான் அது வெள்ளத்தோட கலந்ததா தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுச்சு. படகும் வலையும் கறுப்பா மாறி, மீன்பிடிக்கப் போக முடியாம நின்னவங்க அந்த ஊர் மீனவர்கள். நாலாவது இடம்னு நான் பெருமையா சொன்னேனே, அதோட விலையில ஒரு பங்கை அவங்கதான் கட்டுறாங்க.

இது பழைய கதையும் கிடையாது. நாகப்பட்டினம் பக்கத்துல பனங்குடியில, வருஷத்துக்கு 10 லட்சம் டன் ஆலை இருந்த இடத்துல 90 லட்சம் டன்னுக்குப் புது ஆலை கட்ட 2021 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. நிலம் கொடுத்தவங்க மறுவாழ்வுத் தொகை கேட்டுப் போராடியும் இருக்காங்க. முப்பது வருஷம் நிக்கப் போற முடிவு அங்க இப்ப எடுக்கப்பட்டுக்கிட்டிருக்கு. அது வேணுமா வேண்டாமாங்கிறதை இந்த ஒரு எபிசோடை வச்சு நான் சொல்லிட முடியாது. ஆனா "வேலை வரும்" "மண்ணு போகும்"ங்கிற ரெண்டு கோஷத்தோட நிறுத்தாம, இன்னும் மூணு கேள்வி கேக்கலாம். எந்த ரக எண்ணெயை அரைக்கும்? சரக்கு யாருக்குப் போகும்? வெள்ளம் வந்தா கழிவு எங்க போகும்?

லாகோஸ் அண்ணனுக்கு என் நன்றி. அந்தப் பழைய வரியை இப்படித் திருத்திக்கிறேன்: எண்ணெய் இருக்கிற ஊர்லயும் வரிசை நிக்கும், எண்ணெய் இல்லாத ஊர்லயும் கப்பல் நிறைய டீசல் கிளம்பும். அடுத்த தடவை செய்தியில "கச்சா எண்ணெய் விலை"ன்னு கேட்டீங்கன்னா, மில் எங்க இருக்குன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.

நான் சொன்னதுல தப்பு இருந்தா, அந்த அண்ணன் மாதிரியே மெயில் போடுங்க. திருத்திக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.